நேர்கோட்டில் நேரம் காட்டும் மெக்கானிக்கல் வாட்ச்: கோடு முடிந்ததும் குறி எப்படித் திரும்புகிறது?

ஊசல்:

வணக்கம். வட்ட டயலும் முள்ளும் இல்லாமல், ஸ்கேல் மேல் ஒரு குறி நகர்ந்து மணியையும் நிமிடத்தையும் காட்டும் மெக்கானிக்கல் வாட்சுகளைப் பற்றிய கேள்வி. உர்வெர்க் யுஆர்-சிசி1, ஹாரி வின்ஸ்டன் ஓபஸ் 9, கிறிஸ்டோஃப் கிளாரே எக்ஸ்-ட்ரெம்-1, எச்ஒய்டி எச்3 ஆகியவற்றின் படங்களையும் விளக்கங்களையும் பார்த்தாயிற்று. வெளியே நான்கும் நேர்கோடுதான். உள்ளே நான்கும் ஒரே வேலையைச் செய்வதாகத் தெரியவில்லை.

வாட்சுக்குள் எல்லாமே சுற்றுகிறது. அந்தச் சுற்று எந்த இடத்தில் நேர்கோடாகிறது? 60-ஆவது நிமிடத்தில் குறி 0-க்குத் திரும்ப வேண்டுமே, அதற்கான சக்தி எங்கிருந்து வருகிறது? அதனால் ஓட்டத்தின் துல்லியம் கெடாதா? ஏற்கெனவே ஒருவர் கட்டிய வாட்சை வாங்குவதானால் எதைச் சோதிக்க வேண்டும்? விளம்பர வர்ணனை நிறையப் படித்தாயிற்று. பாகங்களைச் சொல்லி விளக்கினால் உதவியாக இருக்கும்.

பற்சக்கரம்:

ஊசல், குறி திரும்புவதைப் பற்றிக் கேட்டீர்களே, இந்த வகை வாட்சுகளின் கஷ்டமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. வட்டத்தில் 60-உம் 0-உம் ஒரே இடம். முள் போய்க்கொண்டே இருக்கலாம். கோட்டில் அவை எதிரெதிர் முனைகள். முனைக்கு வந்துவிட்ட குறியை என்ன செய்வது என்று ஒவ்வொரு தயாரிப்பாளரும் யோசித்த விதம்தான் நீங்கள் சொன்ன நான்கையும் நான்கு விதமாக ஆக்கியிருக்கிறது.

திரும்பவே தேவையில்லாமல் செய்துவிடுவது ஒரு வழி. 2009-இல் வந்த ஓபஸ் 9 அப்படி. ஜான்-மார்க் வீடர்ரெக்ட் இயக்கத்தை அமைத்தார். எரிக் ஜிரூ வடிவம் கொடுத்தார். மணிக்கு ஒன்று, நிமிடத்துக்கு ஒன்று என வைரம் பதித்த இரண்டு சங்கிலிகள். வைரங்களுக்கு நடுவே நிறம் வேறுபட்ட கார்னெட் கல் எந்த எண்ணுக்கு நேரே நிற்கிறதோ அதுதான் நேரம். சங்கிலி வளையமாக ஓடுவதால் ஒரு குறி ஒரு முனையில் மறையும்போது அடுத்த குறி மறுமுனையில் தலைகாட்டும். குதிப்பு இல்லை, திருப்பும் ஸ்பிரிங்கும் இல்லை. ஆனால் கண்ணிக்குக் கண்ணி உராய்வு உண்டு. ஒவ்வொரு மூட்டும் முனையில் மடங்கி நிமிர வேண்டும். மூட்டுத் துளை தேயத் தேய சங்கிலி நீளும் என்பதும் பொதுவான குறை. மூட்டுக்கு 0.005 மி.மீ. தேய்ந்தால் 40 மூட்டுச் சங்கிலியில் அது 0.2 மி.மீ. ஆகிவிடும்.

இரண்டாவது வழி உருளை. எனக்கு இதுவே ஆகச் சிறந்த விடையாகப் படுகிறது. உருளையின் மேல் சாய்வாக ஒரு கோடு போட்டு, நீளமான குறுகிய ஜன்னல் வழியே பாருங்கள். உருளை தன் அச்சிலேயே சுற்ற, ஜன்னலுக்குள் தெரியும் கோட்டுத் துண்டு பக்கவாட்டில் நகர்வதாகத் தோன்றும். நேராக நகரும் பாகம் ஒன்றுகூட உள்ளே இல்லை. நேர்கோடு கண்ணுக்கு மட்டும்தான். 1960-களின் மெர்சிடிஸ் டபிள்யூ111 காரில் வெப்பமானி போல நெட்டுக்குத்தாக இருக்கும் ஸ்பீடோமீட்டரும் இதே தந்திரம்தான்.

வாட்சில் இந்த எண்ணம் பழையது. உலக நேர வாட்சுகளுக்குப் பெயர் பெற்ற லூயி கோத்தியே 1950-களின் இறுதியில் பதேக் ஃபிலிப்புக்காக 'கோப்ரா' என்ற மாதிரியைச் செய்தார். அது விற்பனைக்குப் போகவில்லை. உர்வெர்க் 2009-இல் யுஆர்-சிசி1-ஐக் கொண்டுவந்தபோது 'கிங் கோப்ரா' என்று பெயர் வைத்தது அதை நினைத்துத்தான். அதில் மணிக்கு ஓர் உருளை, நிமிடத்துக்கு ஓர் உருளை. நிமிட உருளை ஒரு மணி நேரத்தில் 300 டிகிரி சுற்றி, சுமார் பத்தில் ஒரு விநாடியில் பின்னால் திரும்புகிறது; அந்தத் துள்ளலே மணி உருளையை ஒரு படி தள்ளுகிறது. 2018-இன் யுஆர்-111சி இதன் வழித்தோன்றல்.

ஏன் 360 இல்லாமல் 300 டிகிரி என்று கேட்பவர்கள் உண்டு. வடிவியலைப் பார்த்தால் புரியும். 10 மி.மீ. விட்டமுள்ள உருளையின் சுற்றளவு 31.4 மி.மீ. ஜன்னல் 3 மி.மீ. அகலம் என்றால் அது ஏறத்தாழ 34 டிகிரியைக் காட்டும். முழுச் சுற்றையும் ஸ்கேலுக்குக் கொடுத்தால் கோட்டின் தொடக்கமும் முடிவும் ஒரே நேரத்தில் ஜன்னலில் தெரியும். கொஞ்சம் வெற்றிடம் விட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது, நிஜமாகவே ஒரு பொருளை நேராக நகர்த்துவது. 2012-இன் எக்ஸ்-ட்ரெம்-1-இல் சஃபையர் குழாய்களுக்குள் உள்ளீடற்ற எஃகு உருண்டைகள் இருக்கின்றன. குழாய்க்குப் பின்னால் மெல்லிய இழை காந்தத்தை இழுக்க, காந்தம் உருண்டையைக் கூட்டிப்போகிறது. உருண்டையை எந்தப் பாகமும் தொடுவதில்லை. 2015-இன் எச்3-இல் நேரான நுண்குழாயில் நிறமுள்ள திரவமும் நிறமற்ற திரவமும் கலக்காமல் நிற்கின்றன; அவை சந்திக்கும் விளிம்புதான் மணிக்குறி. ஸ்கேல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பும் நாற்பக்கக் கட்டை. கேமும் (விளிம்பின் ஆரம் இடத்துக்கு இடம் மாறும் தட்டு) பல்சட்டமும் (பற்கள் வெட்டிய சட்டம்) வைத்து ஸ்லைடரை, அதாவது தடத்தில் நேராகச் சறுக்கும் குறியை, நகர்த்தும் எளிய வகையும் இதில் சேரும். அதைத் தெரிந்தவர் விளக்கட்டும்.

டெவன் ட்ரெட் என்று பெல்ட் ஓடும் வாட்ச் ஒன்றையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அது பேட்டரியும் மோட்டாரும் கொண்டது. இங்கே பேசும் எதுவும் அதற்குப் பொருந்தாது.

அலகுமுனை:

கேம் வகையை நான் எடுத்துக்கொள்கிறேன். உருளை வாட்சிலும் உருளையைத் திருப்ப உள்ளே பெரும்பாலும் ஒரு கேம் இருக்கும் என்பதால் இது இரண்டுக்கும் பொது.

மணிக்கு ஒருமுறை சுற்றும் தண்டில் நத்தை ஓடு போன்ற கேம் உட்காரும். அதன் விளிம்பை ஒரு நெம்புகோலின் அலகு தொட்டுக்கொண்டே இருக்கும். கேமின் ஆரம் சீராகக் கூடிக்கொண்டே போய் 60-ஆவது நிமிடத்தில் செங்குத்தாக விழும். அலகு அந்தப் பள்ளத்தில் விழ, நெம்புகோலோடு சேர்ந்த பல்சட்டம் பினியனை (சிறு பற்சக்கரத்தை) பின்னால் சுற்ற, குறி 0-க்கு வரும். திருப்பும் சக்தி ஒரு மெல்லிய ஸ்பிரிங்கில் இருக்கிறது. அந்த ஸ்பிரிங்கை 60 நிமிடமும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கியது கேம். ஆக, மெயின்ஸ்பிரிங் (சாவி கொடுக்கும்போது முறுக்கேறி வாட்சை ஓட்டும் ஸ்பிரிங்) தவணை முறையில் கட்டியதைத் திருப்பும் ஸ்பிரிங் ஒரே மொத்தமாகச் செலவழிக்கிறது.

எண்களோடு பார்த்தால் எங்கே இடிக்கும் என்பது தெரியும். ஸ்கேல் 18 மி.மீ. என்று வையுங்கள், ஒரு நிமிடத்துக்கு 0.3 மி.மீ. கேமின் ஏற்றம் 2.4 மி.மீ. என்றால் பெருக்கம் 7.5 மடங்கு. கேமில் 0.02 மி.மீ. பிழை இருந்தால் ஸ்கேலில் 0.15 மி.மீ., அதாவது அரை நிமிடம். விசைக்கும் இதே கணக்கு தலைகீழாக வரும்: குறியின் பக்கம் 3 மில்லிநியூட்டன் திருப்பு விசை தேவை என்றால் அலகு கேமை 22.5 மில்லிநியூட்டனால் அழுத்தும். தேய்மானத்தின் மூலம் இதுதான்.

அலகின் முனை மழுங்குவதை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். கேமின் உச்ச ஆரம் 3 மி.மீ. என்றால் விளிம்பு நிமிடத்துக்கு 0.31 மி.மீ. நகர்கிறது. முனையின் வளைவு 0.1 மி.மீ. அளவில் இருக்கும்வரை விழும் நேரத்தில் உள்ள இழுபறி 20 விநாடிக்குள் அடங்கும். 0.3 மி.மீ. ஆகிவிட்டால் ஏறத்தாழ ஒரு நிமிடம். அப்போது குறி 60-இல் 'டக்' என்று விழாது. 59-ஐத் தாண்டியதும் தயங்கித் தயங்கிக் கீழிறங்கி, பிறகு விழும். இப்படிப்பட்ட வாட்சில் ஸ்பிரிங்கை மாற்றிப் பயனில்லை. அலகையும் கேமையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இனி துல்லியம். கேம் ஏற ஏறத் திருப்பு ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கூடும். எஸ்கேப்மென்டுக்கு (விசையைத் துடிப்பு துடிப்பாக விடும் பகுதிக்கு) போகும் விசை குறையும். நேரத்தை அளக்க முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீலின் வீச்சு, அதாவது அது ஆடும் கோணம், இறங்கும். குறி விழுந்ததும் வீச்சு மறுபடி ஏறும். ஒரு நாளைக்கு 24 முறை இந்த ஏற்ற இறக்கம். இதைக் குறைக்க மூன்று காரியம் செய்வார்கள்: நீளமான, மெத்தென்ற ஸ்பிரிங் (முதல் நிமிடத்துக்கும் கடைசி நிமிடத்துக்கும் விசை அதிகம் மாறாது), குறியின் எடையை அலுமினியம் அல்லது டைட்டானியத்தால் குறைப்பது, காட்சிக்கென்று, அதாவது நேரம் காட்டும் பகுதிக்கென்று, தனி பேரல் (மெயின்ஸ்பிரிங் இருக்கும் பெட்டி) கொடுப்பது. எக்ஸ்-ட்ரெம்-1-இல் இரண்டு பேரல் இருப்பது இதற்காகத்தான்.

சோதிக்கும் முறை: முழுச் சாவி கொடுத்து, டைமிங் மெஷினில் (டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தையும் வீச்சையும் காட்டும் கருவியில்) 5-ஆவது நிமிடத்தில் ஒருமுறை, 55-ஆவது நிமிடத்தில் ஒருமுறை வீச்சைப் பாருங்கள். 10, 15 டிகிரி வித்தியாசம் இந்த வகைக்கு இயல்பு. 30 டிகிரிக்கு மேல் போனால் காட்சிப் பகுதியில் எங்கோ உராய்வு இருக்கிறது. தினசரி ஓட்டத்தைச் சரிபார்க்கும்போதும் எப்போதும் மணியின் அதே நிமிடத்தில் பாருங்கள். இல்லாவிட்டால் ஒப்பீடு பொய்யாகும்.

இன்னொன்று, மெஷினில் லிஃப்ட் ஆங்கிளை (வீச்சைக் கணக்கிட மெஷினுக்குக் கொடுக்க வேண்டிய, இயக்கத்துக்கு இயக்கம் மாறும் கோணத்தை) சரியாக வையுங்கள். வழக்கமான 52 டிகிரியிலேயே விட்டுவிட்டால் சிறு தயாரிப்பாளரின் காலிபரில் (இயக்கத்தில்) வீச்சு தவறாகக் காட்டும். வித்தியாசம் ஓரளவு நம்பலாம். தனி எண்ணை நம்ப முடியாது.

தடம்:

அலகுமுனை சொன்னதோடு ஸ்லைடரைப் பற்றிச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் சர்வீஸில் கெடுவது அதிகம் அங்கேதான்.

மேசை இழுப்பறையை ஒரு ஓரத்தில் பிடித்து இழுத்தால் கோணலாகி மாட்டிக்கொள்வது போலத்தான் ஸ்லைடரும். தடத்தைப் பிடித்திருக்கும் நீளம், உராய்வுக் கெழுவையும் தள்ளும் இடம் தடத்திலிருந்து விலகியிருக்கும் தூரத்தையும் பெருக்கி அதை இரண்டால் பெருக்கி வருவதைவிட அதிகமாக இருக்க வேண்டும். விலகல் 6 மி.மீ., உராய்வு 0.15 என்றால் 1.8 மி.மீ. போதும். ஆயில் காய்ந்து உராய்வு 0.3 ஆனால் 3.6 மி.மீ. தேவைப்படும். 3 மி.மீ. நீளத்தில் செய்த ஸ்லைடர் புதிதில் நன்றாக ஓடி, சில வருடத்தில் திடீரென்று மாட்டிக்கொள்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். பாகம் எதுவும் உடைந்திருக்காது.

அதனால் ஸ்லைடர் தடத்தில் ஆயில் போடாதீர்கள். சுத்தம் செய்து, எபிலேம் (ஆயில் பரவாமல் தடுக்கும் பூச்சு) தடவி, உலர்வாகவே விடுவது நல்லது; தயாரிப்பாளர் வேறு சொல்லியிருந்தால் அவர் சொல்தான். கேம் விளிம்பில் அலகு தொடும் இடத்துக்கு மோபியஸ் 9504 போன்ற கிரீஸ், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத படலமாக. துளியாக வைத்தால் அது அலகு விழும் வேகத்தில் தெறித்துப் பல்சட்டத்துக்குப் போகும், தூசி ஒட்டும், பற்களுக்கு நடுவே பசையாகும். பல்சட்டத்தின் பற்களுக்கு எதுவும் வேண்டாம். வேகமாகச் சுற்றும் பிவட்டுக்கு (அச்சு முனைக்கு) மோபியஸ் 9010 ஆயில், மெதுவானவைக்கு எச்பி1300 என்பது வழக்கம் போல.

இன்னொரு குறையைப் பலர் பேசுவதில்லை. முள்ளுக்கு எதிர்ப்பக்கம் வால் வைத்து எடையைச் சமன் செய்யலாம். நேராக நகரும் ஸ்லைடருக்கு அப்படிச் செய்ய முடியாது. 0.1 கிராம் ஸ்லைடர் என்றால் வாட்சை நிமிர்த்திப் பிடிக்கும்போது 1 மில்லிநியூட்டன் ஒரு திசையில் கூடும், தலைகீழாகப் பிடித்தால் எதிர்த்திசையில். 3 மில்லிநியூட்டன் ஸ்பிரிங்குக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதனால் குறி திரும்புகிறதா என்பதை வாட்சைக் கிடத்தி மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஊசல்:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். நேரம் வைக்கும்போது பின்னால் திருப்பலாமா? வாங்கும்முன் வாட்சைத் திறக்க முடியாத நிலையில் எதையெல்லாம் பார்த்துவிடலாம்?

அலகுமுனை:

பின்னால் திருப்பாதீர்கள், குறிப்பாக 0-ஐத் தாண்டி. பள்ளத்தில் இருக்கும் அலகின் மேல் கேமின் செங்குத்துச் சுவர் மோதும். அலகு மடங்கும்படி அமைத்த வாட்சுகள் இருக்கின்றன. கையேட்டில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் திருப்புங்கள். எழுதாவிட்டால் முன்னோக்கி மட்டும், நிதானமாக. வைக்க வேண்டிய நேரத்தைக் கொஞ்சம் தாண்டிவிட்டால் ஒரு சுற்று முழுவதும் வருவதே பாதுகாப்பு. மணி குதிக்கும் தருணத்தில், அதாவது 58-க்கும் 2-க்கும் நடுவே, கிரவுனை (நேரம் வைக்கும் திருகை) நிறுத்திவைக்க வேண்டாம்; அலகு பாதி விழுந்த நிலையில் விளிம்பு முழு அழுத்தத்தையும் தாங்கும்.

திறக்காமல் பார்க்க: முழுச் சாவி கொடுத்து 12 குதிப்புகளையும் பாருங்கள். கிரவுனால் ஓட்டிப் பார்ப்பது போதாது. கை கொடுக்கும் விசையில் எல்லாம் குதிக்கும். குறைந்தது மூன்று குதிப்பாவது வாட்ச் தானாக ஓடி நடக்க வேண்டும். ஒன்று கிடத்தி, ஒன்று ஸ்கேலின் 0 மேலே இருக்கும்படி நிறுத்தி, ஒன்று 0 கீழே இருக்கும்படி. 0 மேலே இருக்கும் நிலைதான் கடினம், குறி எடைக்கு எதிராக ஏற வேண்டும். கைபேசியில் விநாடிக்கு 240 படம் என்ற வேகத்தில் எடுங்கள். பத்தில் ஒரு விநாடிக் குதிப்பு 24 படங்களில் விரியும். 0-இல் மோதி, கொஞ்சம் எகிறி நிற்பது சாதாரணம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் நிறுத்தும் முட்டோ அதன் மெத்தை ஸ்பிரிங்கோ தளர்ந்திருக்கிறது.

அதன்பின் சாவி தீரும்வரை விடுங்கள். எந்த நிமிடத்தில் நின்றது என்று குறித்து, இதை நான்கைந்து முறை செய்யுங்கள். நின்ற நிமிடங்கள் சிதறிக் கிடந்தாலும் கடைசிப் பகுதியில் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் கவலை இல்லை, சுமை அங்கே கூடுகிறதே. ஆனால் சொல்லப்பட்ட ரிசர்வ் (ஒரு முழுச் சாவிக்கு ஓடும் நேரம்) தீர வெகுநேரம் முன்பே, ஒவ்வொரு முறையும் 45-க்கும் 59-க்கும் நடுவே நின்றால் காட்சிப் பகுதி மெயின்ஸ்பிரிங்கைத் தின்கிறது. எஸ்கேப்மென்டில் குறை என்றால் நிமிடம் பார்த்து நிற்காது.

பற்சக்கரம்:

இதில் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்: குதிப்பு நாளைக்கு 24, வருடத்துக்கு 8,760. ஐந்து வருடம் சர்வீஸ் இல்லாமல் ஓடிய வாட்ச் 43,800 முறை அடி வாங்கியிருக்கிறது. கட்டாமல் பெட்டியில் வைத்தது என்றால் அடி குறைவு, ஆனால் ஆயில் காய்ந்திருக்கும். தடம் சொன்ன மாட்டிக்கொள்ளும் குறை அங்கே வரும். இரண்டுக்கும் சோதனை வேறு. கேமும் அலகும் வேறு வாட்சிலிருந்து எடுத்துப் போட முடியாத பாகங்கள் என்பதால், தயாரிப்பாளர் அவற்றை இன்னும் கொடுக்கிறாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எண்ணிக்கை குறைவான வாட்சுகளில் இந்த ஒரு பதிலே வாங்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்துவிடும்.

நுண்குழாய்:

குறி ஒரு நிமிடம் தவறாகக் காட்டுகிறது என்று சர்வீஸுக்கு அனுப்பும்முன் பார்க்கும் கோணத்தைச் சரிபாருங்கள். குறிக்கும் ஸ்கேலுக்கும் நடுவே 0.8 மி.மீ. ஆழம் இருந்து, 20 டிகிரி சாய்வாகப் பார்த்தால் 0.29 மி.மீ. விலகித் தெரியும். அலகுமுனையின் ஸ்கேலில் அது ஒரு நிமிடம். வட்ட டயலிலும் இந்த விலகல் உண்டு, ஆனால் முள்ளின் கோணத்தை நாம் மொத்த உருவமாகப் பார்த்துப் பழகியதால் உறைப்பதில்லை. சாய்வுக்கோடு போட்ட உருளையில் இது இன்னும் சிக்கல்: மேலும் கீழுமாகச் சாய்த்துப் பார்த்தால் வேறு நேரம் தெரியும், ஏனென்றால் ஜன்னலின் வேறொரு விளிம்பில் கோட்டை வாசிக்கிறோம். உருளையே சிறந்த விடை என்ற பற்சக்கரத்தின் கருத்தோடு இதனால் முழுக்க உடன்பட முடியவில்லை. உராய்வில் அது வெல்கிறது. வாசிப்பில் ஸ்லைடர் வெல்கிறது.

காந்த வகைக்கு: உருண்டையை இழுக்கும் காந்தத்தைத் தயாரிப்பாளர் ஹேர்ஸ்பிரிங்கிலிருந்து (பேலன்ஸ் வீலை ஆட்டும் மெல்லிய சுருளிலிருந்து) விலக்கியே வைத்திருப்பார். வெளிக்காந்தம்தான் கவலை. காந்தம் தாங்கும் வாட்சுகளுக்கான ஐஎஸ்ஓ 764 தரம் கேட்பது 4,800 ஆம்பியர்/மீட்டர் வரை தாங்குவதை மட்டும். பையின் காந்தக் கொக்கியும் ஒலிபெருக்கியும் அருகில் வைத்தால் அதைத் தாண்டும். உருண்டை காந்தத்தை விட்டுப் பிரிந்துவிட்டால் வாட்சைத் தட்டாதீர்கள். காந்தம் இருக்கும் இடத்துக்கு உருண்டை உருண்டு வரும்படி குழாயை மெதுவாகச் சாய்த்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

காந்தம் நீக்கும் கருவியை மட்டும் இந்த வாட்சின் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. சாதாரண வாட்ச் வேகமாக ஓடினால் முதலில் செய்யும் வைத்தியம் அதுதான் என்பதால், சர்வீஸுக்குக் கொடுக்கும்போது சீட்டிலேயே 'காந்தம் நீக்க வேண்டாம், காட்சியே காந்தத்தால் ஓடுகிறது' என்று எழுதிக் கொடுங்கள்.

ஊசல்:

நுண்குழாய், திரவ வகையில் வெயிலில் நின்றால் திரவம் விரிந்து நேரம் தவறாதா?

நுண்குழாய்:

ஈடு செய்யாவிட்டால் தவறும். திரவத்தைத் தள்ளுவது சுருங்கி விரியும் உலோகத் துருத்திகள். ஒன்று அழுத்த மற்றொன்று விரியும். வெப்பத்தில் திரவத்தின் கொள்ளளவு கூடினால் அந்தக் கூடுதலுக்கும் போக்கிடம் வேண்டும். அதற்குத் தனி ஈட்டமைப்பு வைக்கிறார்கள். சோதிக்க: அறை வெப்பத்தில் விளிம்பு எந்த மணிக்கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, ஒரு மணி நேரம் கையில் கட்டி, மறுபடி பாருங்கள். கடந்த நேரத்தைக் கழித்த பிறகும் விளிம்பு விலகியிருந்தால் ஈட்டமைப்பைச் சரிபார்க்க வேண்டும். நிறத் திரவத்துக்கு நடுவே சிறு இடைவெளியோ குமிழோ தெரிந்தால் கசிவு இருக்கிறது. அதை எந்தப் பொது சர்வீஸ் மேசையிலும் திறக்க விடாதீர்கள். திரவத்தை நிரப்பி மூடுவது தயாரிப்பாளரின் இடத்தில் மட்டுமே நடக்கக்கூடிய வேலை.